ஜஹாங்கீரைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள்ளிருந்து பொங்கி வந்ததல்ல. ஒரு மருந்துக் கம்பெனி தன் வெள்ளிவிழா மலருக்குக் கதை கேட்டது. "அறிவியல் ஜெயிக்கணும் சார். கடைசியில கொஞ்சம் கண்ணீர் வரலாம். ஆனா ஆனந்தக் கண்ணீரா இருக்கணும்" என்றார் மலர்ப் பொறுப்பாளர். கண்ணீரின் ரகத்தைக்கூடச் சொல்லி ஆர்டர் கொடுக்கும் இடத்தில் எழுத்தாளன் யார்? சப்ளையர். சரி என்றேன்.

ஆகவே முதல் வரி இப்படிப் பிறந்தது:

எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் கதிரவன் எழுந்த அந்த வேளையில், விஞ்ஞானி உமைமாவின் குடுவைக்குள்ளும் ஒரு புதிய விடியல்

வேண்டாம். எண்ணூரில் கதிரவன் எழுவது புகைக்குள். உமைமாவும் தன்னை விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்வதில்லை.

2

உமைமாவுக்கு முப்பத்து நான்கு வயது. எர்ணாவூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை. உடம்புக்குள் போய் ஏதாவது ஒரு காரியம் செய்யக்கூடிய சேர்மங்களை உருவாக்குவது அவள் தொழில். ஒன்று செய்ய ஒன்பது படிகள். ஏழாவது படியில் ஈரம் பட்டால் மறுபடி முதலிலிருந்து. பதினான்கு மாதம் மல்லுக்கட்டிக் கையில் நின்றது, சுண்டுவிரல் நகத்தில் அடங்குகிற வெள்ளைத் தூள். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. நாற்பத்தேழு என்று ஓர் எண். எலிகளின் முதுகில் இருந்த புண்ணை அது சீக்கிரம் ஆற்றியது. பன்னிரண்டு எலிகளில் பதினொன்று தேறின. (பன்னிரண்டாவது ஏன் தேறவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். வெள்ளிவிழா மலரில் அந்த எலிக்கு இடமில்லை.)

அவளுடைய அத்தா ஜஹாங்கீர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்பத்தாறு கிலோ. நிமோனியா முற்றி, திருவொற்றியூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் சேர்த்தார்கள். வாயில் குழாய், வென்டிலேட்டர், மருந்து மயக்கம். காலை பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் பார்க்க விடுவார்கள். அவளும் தினம் போய்ப் போர்வைக்கு மேலே தெரிந்த முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆறாம் நாள் ஒரு வாடை அடித்தது. நர்ஸ் போர்வையை விலக்கி அவரை லேசாகச் சாய்த்துக் காட்டினாள்.

இந்த இடத்தை மூன்று முறை எழுதி அழித்தேன். ஒரு முறை பூவை வைத்து ஓர் உவமைகூட வந்தது, வெட்கமாக இருக்கிறது. இடுப்பெலும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, ஓரம் கறுத்து நடுவில் மஞ்சளாக ஒரு புண். அசையாமல் ஒரே பக்கமாகக் கிடந்தால் வருகிற படுக்கைப்புண். அவ்வளவுதான். அது எதைப் போலவும் இல்லை.

3

"ஐசியூன்னா இதெல்லாம் சகஜம்மா.* லங்ஸ் எவ்ளோ நல்லா தேறியிருக்கு, அதப் பாருங்க" என்றார் டாக்டர் லட்சுமணன். நுரையீரல் உண்மையிலேயே தேறித்தான் இருந்தது. மனிதரை முன்பக்கம் காப்பாற்றிக்கொண்டே பின்பக்கம் இழந்துகொண்டிருந்தார்கள்.

(* இந்தச் சொல்லைப் படுக்கையில் கிடப்பவர் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.)

கட்டில் கால்மாட்டில் ஒரு சார்ட் தொங்கியது. இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்ததற்கான அத்தாட்சி. இடது, வலது, இடது, வலது என்று எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து. உமைமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து. சார்ட்டில் பன்னிரண்டு மணிக்கும் கையெழுத்து இருந்தது. இரண்டு மணிக்கும் இருந்தது. நான்கு மணிக்கும் இருந்தது.

வில்லி கிடைத்துவிட்டாள் என்று எனக்கு ஒரே குஷி. போர்வையை விலக்கிக் காட்டிய அந்த நர்ஸ்தான், ராயபுரம் ஜானட், இருபத்தாறு வயது. அவளுக்காக நகப்பூச்சு, செல்போன், அலட்சியப் பார்வை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்தாள்.

"இன்னா சிஸ்டர் இது?" என்றாள் உமைமா. "மணி பதினொன்னுதான் ஆவுது. நாலு மணிக்குக் கையெழுத்து போட்டுகீற?"

ஜானட் மறுக்கவில்லை. "ஆமாக்கா. டூட்டிக்கு வந்ததும் மொத்தமா போட்டுடுவேன். காலியா கீதுன்னா சூப்பர்வைசர் கத்துவாங்க."

"அப்போ எங்க அத்தாவத் திருப்பவே இல்லியா?"

"ஒத்தையா எப்டிக்கா திருப்புறது? வாயில டியூப் கீது. ஒருத்தர் தலையப் புடிக்கணும், ரெண்டு பேரு ஷீட்ட ரெண்டு பக்கம் புடிச்சித் தூக்கணும். நாலு பேஷன்ட்டுக்கு நான் ஒருத்தி. முந்தாநேத்து வாட்ச்மேனக் கூப்ட்டு ஒரு தபா திருப்புனேன். அதுக்கு மெமோ குட்த்தாங்க."

"பொய் எழுதிகினு இருந்தியே, யார்கிட்டயாவது சொன்னியா? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

ஜானட் தரையைப் பார்த்தாள். "சொல்லல. வேல போயிடும்னு பயந்துட்டேன்."

உமைமாவுக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது. அறையவில்லை. சார்ட்டைப் படம் எடுத்துக்கொண்டாள்.

4

இதுவரை எழுதியதை மலர்ப் பொறுப்பாளருக்கு அனுப்பினேன். "நர்ஸ் போதும் சார், அந்தப் பவுடரக் கொண்டு வாங்க" என்றார். கொண்டு வந்தேன்:

கைப்பையிலிருந்து அந்தச் சிறு குப்பியை எடுத்தாள் உமைமா. நடுங்கும் விரல்களால் நாற்பத்தேழைப் புண்ணின் மேல் தூவ

இதற்குமேல் எழுத அவள் விடவில்லை. "எங்க அத்தா இன்னா எலியா?" என்றாள். நியாயம். தவிரவும், அவள் சொன்னதில் கதைக்கு இடமில்லாத அளவுக்கு அறிவு இருந்தது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கிய சதைக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எதில் ஏறிப் போகும்? முதலில் ஆளைப் புரட்டவேண்டும்.

ஆகவே அவள் குப்பியை எடுக்காமல், தானே உள்ளே வந்து அத்தாவைப் புரட்ட அனுமதி கேட்டு, நிர்வாகி ராமசெல்வியின் அறைக்குப் போனாள்.

"அட்டெண்டர உள்ள விட முடியாதும்மா, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்."

"மேடம், என் லேப்ல கொஞ்சம் அழுக்கு சேந்தாலும் ஒரு வருஷ வேல போச்சு. சுத்தபத்தத்த எனக்குச் சொல்லித் தராதீங்க" என்று சொல்லி, சார்ட் படத்தை மேசைமேல் வைத்தாள். பகலில் மட்டும், வாய்மொழியாக, அனுமதி கிடைத்தது.

ஜானட் தலையையும் குழாயையும் பிடித்தாள். ஷீட்டின் ஒரு பக்கம் உமைமா. மறுபக்கத்துக்கு வந்தவர் பீம்ராவ். வியாசர்பாடியில் குத்துச்சண்டை கற்றுத்தருபவர். அவருடைய அம்மா அடுத்த கட்டிலில் கிடந்தார். "உங்க நைனாவ நான் தூக்குறேன், எங்கம்மாவ நீ தூக்கு" என்று ஒப்பந்தம். முதல் நாள் உமைமா ஜானட்டுடன் பேசவேயில்லை. இரண்டாம் நாள் "கொஞ்சம் மேல" என்றாள். மூன்றாம் நாள் இருவரும் ஒரே டம்ளர் டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தார்கள்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். "மகளே!" என்று ஒரு வசனம் தயாராக இருந்தது. ஜஹாங்கீர் சொன்னது வேறு. "முதுகு எரியுது." உமைமா அதற்கு அழுதாள். ரகம் எனக்குத் தெரியவில்லை. புண்ணின் ஓரத்தில் புதுச் சதை சிவப்பாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. முழுதாக மூட மாதக்கணக்கு ஆகும் என்றார் டாக்டர் லட்சுமணன். இந்தமுறை சகஜம் என்று சொல்லவில்லை.

5

இன்று மதியம் ராமசெல்வி உமைமாவைக் கூப்பிட்டனுப்பினார். அடுத்த வாரம் மருத்துவமனையைச் சோதிக்க ஆள் வருகிறார்களாம். புகார்ப் படிவத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். தவறு செய்தவர்: நர்ஸ் ஜானட். கையெழுத்துக்குப் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"நாலு பேருக்கு ஒரு நர்ஸ்னு எங்க எழுதுறது?" என்றாள் உமைமா.

"அதுக்கு இந்த ஃபார்ம்ல எடம் இல்லீங்களே."

இப்படி ஒரு புகார் தயாராவது தெரிந்து, காலையிலேயே ஜானட்டே சொல்லியிருந்தாள்: "போட்டுடுக்கா. நான் எழுதுனது பொய்தானே." உண்மைதான். அத்தாவின் முதுகில் இருக்கும் குழியும் உண்மைதான்.

என்னிடம் முடிவுகள் மூன்று.

அ. கையெழுத்துப் போடுகிறாள். ஜானட் போகிறாள். நாலு பேருக்கு ஒருத்தியாகப் புது நர்ஸ் வருகிறாள்.

ஆ. போடவில்லை. யாரும் தவறு செய்யவில்லை. புண் தானாக வந்தது.

இ. படிவத்தின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதுகிறாள். ராமசெல்வி முன்பக்கத்தை மட்டும் நகலெடுக்கிறார்.

உங்களுக்கு எது பிடிக்கிறதோ

இல்லை, இருங்கள். மணி நான்காகிவிட்டது. உமைமா இன்னும் அந்த அறையில் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பீம்ராவ் அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஐசியூவில் ஜானட் ஒருத்திதான் நிற்கிறாள். சார்ட்டில் நான்கு மணிக் கட்டம் இன்னும் காலி. ஜஹாங்கீர் இரண்டு மணியிலிருந்து இடது பக்கமாகவே கிடக்கிறார். தானாகப் புரள அவருக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

ஷீட்டின் இந்தப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஆளில்லை. முடிவை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.