இரண்டாவது டிரிகர்

அக்காவின் இரட்டைக் குழல் துப்பாக்கியில் தோளில் தாங்கும் மரக்கட்டை விரிசல் விட்டபோது, கிளப் அணித் தேர்வுக்கு எட்டே நாள்தான் இருந்தது. பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுட வேண்டும். அணியில் மிச்சம் ஒரே இடம். போட்டிக்கு ஒரு பல் டாக்டர். நான்கு வருடமாக அந்த இடம் அக்காவுக்கு நூலிழையில் தப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பல் டாக்டர் வந்து அனுதாபப்படுவார். பிடுங்குவதற்கு முன் நோயாளியிடம் காட்டுகிற அதே அனுதாபம்.

ரிப்பேர் கடைக்காரர் மேஜையில் இரண்டு கட்டைகளை வைத்தார். ஒன்று விரிசல் விட்டது போலவே பழைய மாதிரி, பிடி நேராகப் போகும். மற்றது பிஸ்டல் கிரிப். பிடிக்கும் இடம் கீழே வளைந்து இறங்க, உள்ளங்கை அதில் கச்சிதமாக உட்காரும்.

முடிவெடுக்கக் குடும்பமே போயிருந்தோம். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, பிஸ்டல் கிரிப் கட்சி. அவர் ஜென்மத்தில் துப்பாக்கி சுட்டதில்லை; அதனால் அவர் கருத்துக்கு இதுவரை எந்தச் சேதாரமும் இல்லை. துப்பாக்கி உறையின் நிறத்துக்கு எது எடுப்பாக இருக்கும் என்று அம்மா பார்த்தாள். நான் இணையத்தில் மூன்று கட்டுரை படித்திருந்தேன், மூன்றாவதைப் பாதி.

கடைக்காரர் அக்காவைக் கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொன்னார். கண்ணைத் திறந்தால் பார்வை குழலின் நேர்கோட்டில் இருந்தது. இரண்டு கட்டையிலும் அப்படியே. காலித் துப்பாக்கியின் டிரிகரை அழுத்திப் பார்த்தாள். பிஸ்டல் கிரிப்பில் கை இம்மியும் அசையவில்லை. கடைக்காரர் மூன்று முறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூன்று முறையும் மாமா, "அதேதான் நானும் சொல்றேன்" என்றார். பிஸ்டல் கிரிப் ஜெயித்தது.

மெருகேற்றி மாட்டிய துப்பாக்கி கைக்கு வந்ததே தேர்வன்று காலைதான். உடனே பயிற்சி. தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தவரை பத்துக்குப் பத்து. பிறகு ஜோடியாக விட்டார்கள். அக்காவின் துப்பாக்கியில் குழலுக்கு ஒரு டிரிகர்; முதல் தட்டுக்கு முன்னால் இருப்பது, இரண்டாவதற்குப் பின்னால் இருப்பது. முதலாவது தூளானது. இரண்டாவது, கடையில் வாங்கியது போல முழுசாகப் புல்லில் வந்து உட்கார்ந்தது. ஐந்து ஜோடியிலும் அதே கதை. பல் டாக்டர் வந்து அனுதாபப்பட்டுவிட்டுப் போனார்.

கடைக்காரர் அன்று மைதானத்திலேயே கருவிப் பெட்டியோடும், நாங்கள் வேண்டாமென்ற நேர்க்கட்டையோடும் இருந்தார். அக்கா நேராக அவரிடம் போனாள்.

"கை நகர மாட்டேங்குது அண்ணே."

"நகரக் கூடாதுன்னுதான் தங்கச்சி அந்த வளைவு. ஒத்தை டிரிகருக்கு அது சொர்க்கம். உனக்கு ரெண்டு இருக்கு. பின்னாடி டிரிகரைத் தொட கை கொஞ்சம் வழுக்கணும்."

"நாலு வருஷமா என் கை தானா வழுக்கிட்டு இருந்திருக்கு. எனக்கே தெரியல."

கடையில் நாங்கள் நால்வரும் மாற்றி மாற்றி அறுபது தடவையாவது டிரிகரை அழுத்தியிருப்போம். அத்தனையும் முன் டிரிகர். பின்னால் ஒன்று இருக்கிறது என்பதையே குடும்பத்தில் யாரும் மதிக்கவில்லை.

அதைக் கடையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா மேகத்தைப் பார்த்தார். பிறகு, இரண்டு மணி நேரத்தில் தேர்வு, ஒரு குண்டுகூடச் சுட்டுப் பார்க்காத நேர்க்கட்டைக்கு மாறுவது ஆபத்து, பேசாமல் விரலை நீட்டிப் பழகலாம் என்றார் மாமா.

"விரல் வளர ரெண்டு மணி நேரம் பத்தாதுங்க," என்றாள் அக்கா. "நீங்க மாத்துங்க அண்ணே."

பல் டாக்டர் முதலில் சுட்டார். இருபதுக்குப் பதினேழு.

அக்காவுக்குப் பத்து ஒற்றைத் தட்டுகளில் எட்டுதான். புதுக் கட்டை கன்னத்தில் இடித்தது. இனி ஐந்து ஜோடியும் முழுசாக உடைந்தாக வேண்டும். நான் நகத்தைக் கடித்தேன். அவள் ஒருமுறை கையைப் பிடியில் முன்னும் பின்னும் வழுக்கவிட்டுப் பார்த்தாள்; அடுப்படியில் உப்பு டப்பாவை எடுப்பவள் முகம். "விடுங்க" என்றாள்.

பத்தும் தூள்.

அணித் தலைவர் பட்டியலில் அக்கா பெயரை எழுதினார். பல் டாக்டர் கடைக்காரரிடம் போய், தனக்கும் நேர்க்கட்டை போட முடியுமா என்று விசாரித்தார். டாக்டர் துப்பாக்கியில் டிரிகர் ஒன்றே ஒன்று. கடைக்காரர் வாயெடுப்பதற்குள் மாமா டாக்டர் தோளில் கை போட்டு, தேர்வுக்கு முன்பே தான் இதைத்தான் சொன்னதாக விளக்க ஆரம்பித்தார்.