புளிக்கிற மாத்திரை

"இன்னாத்துக்குடா அடிச்ச என் தங்கச்சிய?"

மோகன் முத்துவேலின் சட்டைக் காலரைப் பிடித்தபோது காலை மணி பத்து. தங்கச்சி குழந்தையைப் பார்க்க மாகறலிலிருந்து மொபெட்டில் வந்தவன். வாங்கி வந்த குட்டிக் கொலுசு இன்னும் பையை விட்டு வெளியே வரவில்லை.

முத்துவேலுக்குக் கேள்வியே புரியவில்லை. மச்சான் கை காட்டிய பக்கம் பார்த்தான். சுவரில் சாய்ந்திருந்த ஞானசுந்தரி புடவையை அவசரமாகக் கீழே இழுத்தாள். அதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் மூன்று திட்டுகள். ஒன்று உள்ளங்கை அகலம்.

"அவரு அடிக்கலண்ணா. தானா வந்துது."

"தானா வர்துக்கு அது இன்னா வேர்க்குருவா? வாயைத் தொற."

திறந்தாள். ஈறு வீங்கி, பல்லிடுக்கில் ரத்தம்.

"வாயிலயும் குத்திகிறான்!"

"சத்தியமா தொடல மச்சான்."

"அந்த சத்தியத்த உத்திரமேரூர் போலீஸ் டேசன்ல வந்து பண்ணு. சுந்தரி, கொயந்தையத் தூக்கு. இனிமே இந்த வூட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு பவளம் மட்டும் வாய் திறந்தாள். "அவனா அடிப்பான்? கோழி அறுக்கவே கண்ண மூடிக்கிற ஆளுப்பா அவன்!"

யாரும் சிரிக்கவில்லை. சுந்தரி எழ முயன்றாள். கால் வலித்தது, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அன்று புதன்கிழமை, ஊசி போடுகிற நாள். தடுப்பூசிப் பெட்டியோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் பாக்கியமேரி, கூட்டத்தைப் பார்த்து பிரேக் பிடித்தாள்.

"டேசனுக்குத் தாராளமா போங்க. எனக்கு அஞ்சு நிமிசம் குடுத்துட்டுப் போங்க."

சுந்தரியைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அஞ்சு நிமிஷம் பத்தானது. வெளியே வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"ஆபரேசன் பண்ணிப் புள்ள பொறந்து ஏழு மாசம். தையல் இன்னும் ஆறல. ஆறின இடமும் மறுபடி விட்டுப்போயிருக்கு. தினம் என்னம்மா சாப்புட்ற?"

பதில் முத்துவேலிடமிருந்து வந்தது. ரெண்டு பக்கமும் பெரியவர்கள் இல்லாத வீடு, சமையல் அவன்தான். பெருமையாகவே சொன்னான்.

"சுடுசோறு, மொளகு ரசம், சுட்ட கருவாடு. ஒரு நாள் கூட பத்தியம் தவறல சிஸ்டர். தையல் போட்ட உடம்பு, புளிப்பு பட்டா சீழ் புடிக்குமே. புளி, தக்காளி, எலுமிச்ச ஒண்ணும் கெடையாது. மூணாம் மாசமும் ஆறல. சரி, கீரையையும் நிறுத்தினேன். கொய்யா சீதளம்னு அதையும் குடுக்கல."

"கொல்லையில கொய்யா மரம் நிக்குதே?"

"அத்தினியும் எங்க வூட்டுப் புள்ளைங்களுக்குத்தான்," என்றாள் பவளம். "தின்னு கொழுத்துக் கீதுங்க."

பாக்கியமேரி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"வைட்டமின் சி-ன்னு ஒரு சத்து. பழத்துல, பச்சக் காயில, கீரையில இருக்கு. உடம்பு அதைத் தானாச் செய்யாது. சாப்பாட்டுல வந்தாத்தான் உண்டு. மாசக்கணக்கா இல்லேன்னா ரத்தக் குழாய் தாங்காது. ஈறு ஒழுகும், தொடாமலே ரத்தம் கட்டும், புண்ணு ஆறாது. ஆறலைன்னு நீ பத்தியத்த இறுக்கின. இறுக்க இறுக்க எப்படிய்யா ஆறும்?" பிறகு மோகன் பக்கம் திரும்பினாள். "புத்தகத்துல படிச்சதுதான், கண்ணால இப்பதான் பாக்கறேன். டாக்டர் பாத்து முடிவு பண்ணட்டும். ஏத்து உன் வண்டியில."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஈறைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். பாக்கியமேரி சொன்னதையேதான் சொன்னார். மாத்திரை கொடுத்தார்.

மோகனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. "ஒரு வாரம் பாப்பேன். அடுத்த புதன் வருவேன். ஒரே ஒரு புது நீலம் இருந்துதுன்னா டேசன்தான், மாப்ள."

வீட்டுக்கு வந்து முதல் மாத்திரையை வாயில் போட்ட சுந்தரி, அடுத்த நொடி துப்பினாள்.

"அய்யோ, புளிக்குதுங்க!"

ஆரஞ்சு நிறத்தில் சப்பிச் சாப்பிடும் மாத்திரை. வாசலில் வண்டியைக் கிளப்பப் போன மோகன் நின்று திரும்பிப் பார்த்தான்.

ஏழு மாசம் புளிப்பு வேண்டாம் என்று தடுத்த அதே வாயால் முத்துவேல் இப்போது தின்னச் சொல்ல வேண்டும். ஒரு மாத்திரையை எடுத்துத் தன் வாயில் போட்டுக் கடித்தான். புளிப்பில் முகம் கோணியது.

"வேணாம்னு சொன்னவன் நாந்தான் சுந்தரி. தப்பா சொல்லிட்டேன். தின்னு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அடுத்த மாத்திரையை வாயில் போட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சப்பினாள்.

மூன்றாம் நாள் பல் விளக்கித் துப்பிய தண்ணீரில் சிவப்பு இல்லை. ஐந்தாம் நாள் தானாக எழுந்து கிணற்றடி வரை நடந்தாள். தினம் காலை முத்துவேல் அவள் காலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான், பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி. புதுத் திட்டு எதுவுமில்லை. பழையது மஞ்சளாகி வெளிறியது.

புதன்கிழமை. மோகன் கதவைத் தட்டினான். திறந்தது சுந்தரி. இடுப்பில் குழந்தை, கையில் பாதி கடித்த கொய்யா.

"உள்ள வாண்ணா. நீயும் ஒண்ணு தின்னு."

மோகன் அவள் காலைப் பார்த்தான். பிறகு முத்துவேலைப் பார்க்க முடியாமல், பையைத் துழாவிக் கொலுசை எடுத்துக் குழந்தை காலில் மாட்டினான்.

"மன்னிச்சுக்க மாப்ள. வூடு பூந்து காலரப் புடிச்சிட்டேன்."

"விடு மச்சான். அடிக்கலன்னாலும், என் கையாலதான் அவளுக்கு வந்துது." முத்துவேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ மட்டும் அன்னிக்கு அப்பிடிக் கத்தலன்னா கூட்டம் கூடியிருக்காது. கூட்டம் இல்லன்னா சிஸ்டர் சைக்கிள நிறுத்தியிருக்க மாட்டாங்க."

வெளியே சைக்கிள் மணி கேட்டது. முத்துவேல் துண்டு நிறையக் கொய்யாவை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.