மேடையில் பிந்திய தாளம்

தோட்டத்தில் துளியும் பிசகாமல் விழுந்த தாளம் ஈப்போ மேடையில் ஏன் பிந்துகிறது? கார்த்திகேசுவுக்கு விளங்கவில்லை. கச்சேரியோ அன்று மாலை.

மிருதங்கம் வாசிப்பவன் சன்னாசி. சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பவன். ஏழு வயதில் வந்த காய்ச்சல் அவனுக்குப் பேச்சை விட்டுவைத்து, கேட்கும் சக்தியை மட்டும் கொண்டுபோய்விட்டது. ஆர்மோனியம் வாசித்துப் பாடுகிறவள் அவனுடைய அக்கா வீரம்மா. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. அவன் வாயால் பேசுவான். அவள் அவன் உள்ளங்கையில் தட்டிப் பதில் சொல்வாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை, கிள்ளினால் கோபம். "நான் சொல்றது அவனுக்குக் கேக்காது, அவன் காட்டுற மொகம் எனக்குத் தெரியாது. ஆனா சண்டை மட்டும் ஒரு நாளும் தவறினதில்ல" என்பாள் வீரம்மா.

கார்த்திகேசு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி. தோட்டங்களில் கை கால் இழந்தவர்களும் பார்வை போனவர்களும் பிரம்பு முடைய ஈப்போவில் ஒரு பட்டறை வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவர். அதற்குப் பணம் திரட்ட, அப்படிப்பட்டவர்களையே மேடையேற்றிக் கச்சேரி நடத்தலாம் என்பது அவருடைய யோசனை. முன்பு ஈயமண் அடுக்கிவைத்த தகரக் கொட்டகையை தவுக்கே என்று எல்லோரும் அழைக்கும் ஒரு சீன முதலாளி இலவசமாகத் தந்தார். உள்ளே மரச்சட்டங்களை நிறுத்தி, குறுக்கே பலகை பரப்பிப் புது மேடை கட்டியிருந்தார்கள்.

அந்த மேடையில்தான் தாளம் பிந்தியது. காலையில் மூன்று பாட்டு ஒத்திகை பார்த்தார்கள். மூன்றிலும் வீரம்மாவின் பாட்டில் தாளம் விழுந்து ஒரு கணம் கழித்தே சன்னாசியின் அடி விழுந்தது.

கோப்பெங்கில் துணிக்கடை வைத்திருந்த ரஹீம், நுழைவுச் சீட்டு விற்றுக் கொடுத்தவர். அவர் கார்த்திகேசுவிடம் வந்தார்.

"கிராணியாரே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. காது கேக்காதவரு வாசிக்கிறாருன்னு ஊர் பூரா நோட்டீஸ் ஒட்டியாச்சு. பீடோர்ல ராஜுன்னு ஒரு பையன், நல்லா வாசிப்பான். அவன திரைக்குப் பின்னால உக்கார வச்சிடுவோம். சன்னாசி முன்னால சும்மா கைய ஆட்டிக்கிட்டு இருக்கட்டும் லா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும் பாய்," என்றாள் வீரம்மா. "அப்படியே கண்ணு தெரியிற ஒருத்தியையும் பின்னால உக்கார வச்சிடுங்க. நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயித் தூங்குறோம்."

ரஹீமின் உதட்டையும் திரையைக் காட்டிய கையையும் வைத்தே சன்னாசிக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்பது அவனுக்குத் தெரியாதல்லவா, கொட்டகையின் தகரமே அதிர்ந்தது. "வாசிச்சா நான் வாசிப்பேன்! இல்லன்னா மிருதங்கத்தத் தூக்கிக்கிட்டு ரயிலுக்குப் போறேன்! பொய்யா உக்காந்து ஊருக்கு வேசம் காட்ட மாட்டேன்!"

"பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ," என்று கார்த்திகேசு இருவரையும் கையமர்த்தினார். பிறகு தம் கண்ணைத் தொட்டுக்காட்டி, கையால் தாளம் போட்டு, எதைப் பார்த்து வாசிக்கிறாய் என்று சன்னாசியிடம் கேட்டார்.

"அக்கா காலப் பாத்துத்தான்."

வீரம்மா தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, பெட்டிமேல் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு, குதிகாலால் தாளம் தட்டுவாள். அவன் பக்கத்தில் பலகையில் சம்மணமிட்டிருப்பான். அப்படியானால் கால் சரியாகத் தெரியவில்லை போலும் என்று எண்ணினார் கார்த்திகேசு. விளக்கை நகர்த்தினார். முக்காலியை நகர்த்தினார். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லி வீரம்மாவிடம் திட்டும் வாங்கினார். எதை மாற்றியும் தாளம் பிந்தியபடியே இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு வேடம் கட்டும் அறைக்குள் எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சன்னாசி பலகைத் தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவைப் பசை அப்பிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் முக்காலியில் வீரம்மா முனகிக்கொண்டே குதிகாலைத் தட்டினாள். சன்னாசியின் வலக்கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. பிசகே இல்லை. முதுகுக்குப் பின்னால் இருக்கும் காலை எவன் பார்க்க முடியும்?

கண்ணால் அவன் தாளம் பிடிக்கவில்லை. அப்படி நினைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் கண்ணால் முடியாதுதான். சேலைக்கரைக்குள் குதிகால் மறைந்திருக்கும். பெருவிரல் அசைவது தெரியுமே தவிர, குதிகால் தரையைத் தொடும் கணம் தெரியாது.

கார்த்திகேசு ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்து அவனுக்கு அடியில் செருகினார். தொடைத் தாளம் உடனே தடுமாறியது. சாக்கை உருவினார். தாளம் திரும்பி வந்தது. மறுபடியும் செருகினார்.

"ஐயா என்னய்யா இது, நான் என்ன முட்டையா, வச்சு வச்சு எடுக்குறீங்க?" என்று சன்னாசி கத்தினான்.

"பலகை!" என்றார் கார்த்திகேசு. "வீரம்மா, அவன் உன்ர குதிகாலை உடம்பாலதான் கேக்கிறான்! அடி பலகைக்குள்ளால ஓடி அவனுக்குப் போகுது. உங்கட தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலயும் பலகைத் தரைதானே?"

"ஆமா, தூணு மேல நிக்கிற வீடு. பக்கத்து வீட்டுல பூனை நடந்தாக்கூட இவன் எந்திரிச்சிருவான்."

ஆனால் மேடையும் பலகைதானே! கார்த்திகேசு விளக்கோடு மேடைக்கு அடியில் குனிந்தார். ஒவ்வொரு பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் மூன்று நான்கு மடிப்பாக ரப்பர் ஷீட்டுத் துண்டு வைத்து, ஆணி இல்லாமல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது. எந்த அதிர்வு வந்தாலும் அந்த ரப்பர் மெத்தை விழுங்கிவிடும். மேடையில் சன்னாசிக்கு மிஞ்சியது பெருவிரலைப் பார்க்கும் கண் மட்டும், அதனால்தான் பிந்தினான்.

"யார் இது வைச்சது?"

"நான்தான்," என்று சீனி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பெருமையாக வந்தான். ஒரு கால் இழந்த தச்சன். அன்றைய கச்சேரியில் கோமாளியும் அவனே. "இல்லன்னா நான் நடக்குறப்ப டொக்கு டொக்குன்னு சத்தம். நான் சிரிக்கச் சொல்ற சோக்கு எவன் காதுலயும் விழாது. எப்படி வேலை?"

"நல்ல வேலை! அதை இப்ப கழற்ற வேணும்."

"கழட்டுங்க. அப்புறம் நீங்களே கோமாளி வேசம் போடுங்க."

சீனி சொன்னதும் நியாயம்தான். ரப்பரை முழுவதும் எடுத்தால் சீனியின் பேச்சு கெடும்; வைத்தால் சன்னாசியின் தாளம் கெடும். கார்த்திகேசு மேடையை நீளவாக்கில் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எல்லாப் பலகையையும் ஏன் கழற்ற வேணும்? ஒண்டு போதும்."

சீனி சுத்தியலைத் தூக்கினான். பின்வரிசைப் பலகை ஒன்றின் அடியிலிருந்து ரப்பரை உருவிவிட்டு, அதைச் சட்டத்தோடு நேரே ஆணி அடித்தான். பக்கத்துப் பலகைகள் உரசாதபடி இரு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விட்டான். வீரம்மா ஒரு முனையில் குதிகாலை வைத்தாள், சன்னாசி மறுமுனையில் உட்கார்ந்தான். அவள் தட்டினாள். அவன் முகம் பளிச்சென்று மாறியது. பாட்டை இருவரும் ஒன்றாகத் தொடங்கினார்கள், ஒன்றாக வேகம் கூட்டினார்கள், ஒன்றாக முடித்தார்கள். சீனி வேண்டுமென்றே முன்வரிசையில் குதித்துக் குதித்து நடந்தான், சன்னாசியின் தாளம் அசையவில்லை.

"ராஜுவ டிக்கெட் வாங்கிட்டு வரச் சொல்லுங்க பாய்," என்றாள் வீரம்மா.

அன்று மாலை திரைக்குப் பின்னால் யாரும் உட்காரவில்லை. ஏற்பாடு இவ்வளவுதான்: வீரம்மாவின் குதிகாலும் சன்னாசியும் ஒரே பலகையில், அந்தப் பலகைக்கு அடியில் ரப்பர் கிடையாது, மற்ற எல்லாப் பலகைக்கும் ரப்பர் உண்டு.