கம்பியைப் பிடிக்காதவன்

1

ஒரே ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் புதுக் கண்டக்டரைக் காட்டிச் சொன்னார்: “பயலுக்குக் கால் தரிச்சிட்டு வே.” ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று, இரண்டு கையாலும் டிக்கெட் கிழிக்கப் பழகிவிட்டான் என்று அர்த்தம். எந்த வேலையிலும் ஒட்டாதவனை, ‘எங்கயும் தரிக்கமாட்டான்’ என்பார்கள்.

2

1978. மழை விடாமல் பெய்துகொண்டு—

(அடித்துவிட்டேன். மழை பெய்தால் நீங்கள் இப்போதே அழத் தயாராகிவிடுவீர்கள். வெயிலே இருக்கட்டும்.)

ஞானபூரணம் டிரங்குப் பெட்டியோடு சங்கரன்கோவிலில் பஸ் ஏறினாள். புருஷன் ஜெயசிங் மூன்று வருஷத்தில் நான்கு வேலையை விட்டவன். கண்டக்டர் வேலை ஐந்தாவது. காலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே, “இதுவும் சரிப்பட்டு வராது போலட்டி” என்றான். அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. அவன் டியூட்டிக்குக் கிளம்பியதும் பெட்டியைக் கட்டினாள். கடையநல்லூரில் அண்ணன் வீடு. போனால் ஒரேயடியாகப் போவதுதான்.

(அவன் பஸ்ஸில்தான் ஏறவேண்டுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ‘நான் ஏன் ஒளிஞ்சு போகணும்?’ என்றாள். ஏற்றிவிட்டேன்.)

3

ஊர் தாண்டியதும் ஓர் எருமை குறுக்கே வந்தது. டிரைவர் மருதப்பன் பிரேக்கை மிதித்தார். நின்றவர்கள் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஜெயசிங் மட்டும் காலை அகட்டி நின்றபடியே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

“அடி ஆத்தீ! கண்டக்டருக்கு என்னமாக் கால் தரிச்சிருக்கு!” என்றாள் பின் சீட்டு ஆயிஷம்மாள்.

ஞானபூரணத்துக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

4

கடைசியாக அவளிடம் வந்தான். பெட்டியைப் பார்த்தான்.

“எங்கட்டி போற?”

“கடையநல்லூர். ஒண்ணு.”

“எப்ப வருவ?”

“டிக்கெட்டக் குடுங்க.”

ரோடு நேராக இருந்தது. பள்ளமில்லை, வளைவில்லை, பஸ் அலுங்கவே இல்லை. ஜெயசிங்கின் கை மேலே போய்க் கம்பியைப் பிடித்தது.

மருதப்பன் கண்ணாடியில் பார்த்துவிட்டார். “ஏலே ஜெயசிங்கு, என்னலே புதுசாக் கம்பியப் பிடிக்கே?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி.”

5

முடிவு ஒன்று: அவள் பாதி வழியில், புளியங்குடியில் இறங்கி, வீடு திரும்ப எதிர் பஸ் பிடிக்கிறாள். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.) முடிவு இரண்டு: அவள் போய்விடுகிறாள், அவன் அந்த வேலையிலேயே கடைசிவரை தரித்துவிடுகிறான், அதைப் பார்க்க அவள் மட்டும் இல்லை. (இது அநியாயம்.) முடிவு மூன்று: அவன்—

இல்லை. இதற்குமேல் எழுதமாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. ஒரு கையால் டிக்கெட் கிழிக்க முடியாது. கம்பியை விடவும் அவனால் முடியவில்லை. புளியங்குடி வரப்போகிறது. நீங்கள் அவளுக்குப் பக்கத்து சீட்டில்தானே இருக்கிறீர்கள்? அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். ஏதாவது சொல்லுங்கள்.