அதிபர் எடுத்த முடிவு

அதிபர் டேட்டுக்கு மேடைப்பேச்சு எழுதித் தருவது என் வேலை. அந்தப் பிப்ரவரியில் பத்தொன்பது நாட்களாக அவர் முகத்தையே நான் பார்க்கவில்லை. சளி என்று சொல்லியிருந்தார்கள். தலைமை ஆலோசகர் ஹாஸ்கெல் மட்டும் தினமும் காலையில் மாடிக்குப் போவார். இறங்கி வந்து, "அதிபர் இப்படிச் சொல்லிட்டார்" என்பார். நாங்கள் குறித்துக்கொள்வோம்.

கொலை வழக்கில் ஒரின் பெக் என்ற கைதிக்கு வெள்ளிக்கிழமை மரண தண்டனை. அவன் சுடவில்லை என்று முக்கியச் சாட்சியே பிறகு எழுதிக் கொடுத்திருந்தார். கருணை மனுவுக்கான குறிப்பை நான்தான் எழுதினேன். வியாழன் காலை ஹாஸ்கெல் அந்தக் கோப்பை என் மேசையில் போட்டார்.

"மறுத்துட்டார்."

"முழுசாப் படிச்சாரா சார்?"

"வில்லா, எழுதுறதோட நிறுத்திக்கோ. படிக்கிறது எங்க கவலை."

அவர் கூட்டத்துக்குப் போனதும் கோப்போடு மாடியேறினேன். "ஹாஸ்கெல் அனுப்பினார்" என்றதும் காவலர் வழிவிட்டார்.

அதிபர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, டை கட்டி, கால்களில் மட்டும் காலணி இல்லாமல். தட்டில் முட்டை ஆறிக் கிடந்தது. என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார்.

"வாம்மா. இன்னைக்கு நான் என்ன முடிவு எடுத்திருக்கேன்?"

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். அவர் விளையாடவில்லை.

டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் விடிந்தால் ஒருவன் சாகப்போகிறான்.

"பெக்குக்கு மரண தண்டனை வேண்டாம்னு முடிவெடுத்தீங்க சார்."

"ஆமாமா. நல்ல காரியம் பண்ணினேன்."

கையெழுத்து நடுங்காமல் விழுந்தது. "நீ நிதானமாச் சொல்றே. ஹாஸ்கெல் அவசரப்படுத்துவான்" என்றார்.

படிக்கட்டில் ஹாஸ்கெல் நின்றிருந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பைத் திருப்பித் தந்தார்.

"எனக்கும் மொத தடவை நல்ல காரியம்தான் வில்லா. ஒரு ஆஸ்பத்திரி கட்ட இவர்கிட்ட கையெழுத்து வாங்கினேன்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு. ரெண்டு பேர்னா எனக்கும் பாரம் குறையும்."

பெக் பிழைத்தான். அவன் அம்மா அதிபருக்கு நன்றிக் கடிதம் எழுதினாள். பதில் நான்தான் எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மாடியில் இருந்தேன். அன்றைய கோப்பு, கடல்தாண்டிப் படை அனுப்புவதைப் பற்றியது. எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. அதிபர் அதே கேள்வியைக் கேட்டார். ஹாஸ்கெல் என் பக்கம் திரும்பினார்.

நான் சொன்னேன்.