கடப்பை அடைத்தவன்

நெடுந்தீவைக் குதிரையில் சுற்றிவர மூன்று நாள் என்று சஞ்சீவன் விளம்பரம் போட்டபோது ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? காலையில் சைக்கிளில் புறப்பட்டவன் தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் நிற்பான். மூன்று நாளாய் எதைச் சுற்றுவது, தூணையா என்று இறங்குதுறையில் நின்றவர்கள் கேட்டார்கள்.

அவர்கள் கேட்டதிலும் பிழையில்லை. ஆனால் சஞ்சீவனுடைய கணக்கு வேறு. எட்டு வருடம் கென்யாவில் இருந்தவன். கூடாரத்தில் சமைக்கப் போய், பிறகு குதிரை பராமரித்து, கடைசியில் வெள்ளைக்காரரை ஆறு நாள் குதிரையில் கூட்டிப்போகிற வழிகாட்டியாகவே ஆகிவிட்டான். மாட்டுப் பண்ணைகளைக் கடந்தால் புல்வெளி, புல்வெளியைக் கடந்தால் காடு. வரிக்குதிரைக் கூட்டத்துக்குள்ளால் குதிரையை விடுவான். யானை எத்தனை மணிக்குப் போனது என்று அது போட்ட லத்தியைப் பார்த்துச் சொல்லுவான். நாளுக்கு முப்பது கிலோமீற்றர் போனாலும் வேலி ஒன்று கண்ணில் படாது.

இப்போது ஊருக்கு வந்து எட்டு மாதம். கால் ஒரு இடத்தில் நிற்கிறதில்லை. சாப்பிட்ட கை காயுமுன் எழும்பி இறங்குதுறைக்குப் போவான், நிற்கிற படகைப் பார்ப்பான், திரும்பி வருவான். வந்த சூட்டோடு மற்றப் பக்கம் நடப்பான். எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து முன்னால் நிற்கும். சனியன் பிடித்த கடல்.

பழைய பண்ணையிலிருந்து கடிதம் வந்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம், ஆவணிக் கடைசிக்குள் பதில் வேண்டும். அதை மனைவி லோஜனாவிடம் நீட்டினான். தீவுப் பள்ளிக்கூடத்தில் அவள் ரீச்சர். கொப்பி திருத்துகிற மாதிரி ஒரு வரி விடாமல் வாசித்தாள், மடித்தாள், அலுமாரிக்குள் வைத்தாள். "உங்கட விருப்பம்" என்றாள்.

அந்தச் சொல்தான் அவனைத் தின்றது. கலியாணம் முடித்து ஆறு வருடம். இரண்டு லீவையும் இந்த எட்டு மாதத்தையும் சேர்த்தாலும் ஒன்றாக இருந்தது ஒரு வருடம் வராது. "நில்லுங்கோ" என்று அவள் ஒரு சொல் சொன்னால் நின்றுவிடுவான். அவள் சொல்லவில்லை. போகப் போகிறீர்களா என்று ஏசியிருந்தாலும் மனம் ஆறியிருக்கும். அதுவும் இல்லை. சரி, இங்கேயே ஒரு தொழில் இருக்கிறது என்று காட்டினால் வாய் திறப்பாள் என்று நினைத்துத்தான், மலைநாட்டில் மூடிப்போன ஒரு சவாரிப் பள்ளியின் மூன்று குதிரைகளை வாங்கிப் படகேற்றிக் கொண்டுவந்தான்.

முதல் ஆளாக வந்தவள் அன்ரனிட்டா. தாய் தகப்பன் ஊர்காவற்றுறை, இவள் பிறந்து வளர்ந்தது பாரிஸ். கென்யாவில் அவனோடு ஆறு நாள் சவாரி போனவள். உங்கள் ஊரிலேயே காட்டுக் குதிரைகள் நிற்க இங்கே வந்து என்ன செய்கிறீர்கள் என்று அன்றைக்குக் கேட்டவளும் அவள்தான். அவளுக்குப் பிடித்துவிட்டால் அவளுடைய சவாரிக் கழகமே மாரி முடிய வரும். புதன், வியாழன், வெள்ளி என்று ஏற்பாடு. புதன் காலைப் படகில் லோஜனா யாழ்ப்பாணத்துக்கு ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனாள், வெள்ளிதான் வருவாள். போகும்போது என்னவோ சொல்ல வாயெடுத்தாள். இவன் சேணவார் இழுத்துக்கொண்டிருந்தான், ஓம் ஓம் என்றான். படகுக்கு நேரமாகிவிட்டது.

முதல் நாள் புறப்பட்டதுமே குதிரையை விரட்டினான். பெருக்கமரத்தடியில் இறங்கி நிழலில் நிற்கக்கூட விடவில்லை. இது உங்கள் ஆபிரிக்கா மரமல்லவா என்று அவள் ஆசையாகக் கேட்க, ஓம் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டான். பதினொரு மணிக்குத் தென்கரை. முன்னால் கடல்.

"அண்ணை, நாங்கள் எங்கயாவது அவசரமாப் போகவேணுமா?" என்று அன்ரனிட்டா கேட்டாள்.

அவனுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. பிறகு மெல்லப் போனார்கள். மெல்லப் போக வைத்தது மதில்கள் என்றும் சொல்லலாம். பவளக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மதில், சாந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. நடுவில் ஆள், மாடு போய்வர ஒரு கடப்பு இருக்கும். கடப்பிலுள்ள கல்லை இறக்கி உள்ளே போகிறவன் திரும்ப ஏற்றிவிட்டுத்தான் போகவேண்டும். நெடுந்தீவில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒருநாள் மறந்து மாடு பயிருக்குள் போனால், இரண்டு வீடும் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பேசாது. சஞ்சீவன் இறங்கி, கல்லை இறக்கி, குதிரைகளை விட்டு, கல்லை ஏற்றி, அடுத்த மதிலுக்குப் போவான். அன்ரனிட்டா அதைப் படமெடுத்தாள்.

பின்னேரம் தெற்கு வெளியின் ஓரத்தில் மதில் சூழ்ந்த ஒரு வளவு. சொந்தக்காரர் கனடாவில், வீட்டுக்குக் கூரை இல்லை. கடப்பு ஆவென்று திறந்து கிடந்தது, கல்லெல்லாம் ஒரு பக்கம் குவியல். உள்ளே கிணறு, கிணற்றடியில் நீளத் தொட்டி, தொட்டி நிறையத் தண்ணீர். குதிரைகளுக்குக் காட்டினான். ஊர் கெட்டுப்போய்க் கிடக்கிறது, கடப்பைத் திறந்தவன் அடைக்கிறதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே, வெளியில் வந்து ஒவ்வொரு கல்லாக நெஞ்சுயரத்துக்கு அடுக்கினான். கை வைத்தால் அசையாது. எட்டு வருடம் போயும் கை மறக்கவில்லை என்று அவனுக்குப் பெருமை.

ஆளில்லாத வளவுக்குள், ஆவணி வெயிலில், தொட்டி நிறையத் தண்ணீர் ஏன் கிடக்கிறது என்று மனிசன் ஒரு கணம் யோசித்தானா? யோசிக்கவில்லை. லத்தியைப் பார்த்து யானைக்கு நேரம் சொல்லுகிறவன்!

மறுநாள் காட்டுக் குதிரைகளைப் பார்க்கப் போனார்கள். வெளியெல்லாம் தேடவே தேவைப்படவில்லை. பத்துப் பன்னிரண்டு குதிரைகள் அந்த வளவின் மதிலோரமாகத்தான் நின்றன. கிட்டப் போனாலும் ஓடவில்லை. நிழலுக்கு ஒதுங்கி நிற்கின்றன, எங்களுக்குப் பழகிவிட்டன என்று சஞ்சீவன் விளக்கம் சொன்னான். ஒரு குட்டி படுத்திருக்கிறதே என்றாள் அவள். குட்டிகள் பகலில் நித்திரை கொள்ளும் என்றான். அவள் நல்ல படங்கள் எடுத்தாள். ஐந்து பேரோடு திரும்பி வருவேன் என்று அன்றைக்கே சொல்லியும் விட்டாள். அவனுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை. இரவு கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். தொழிலைக் காட்டினாலும் லோஜனா "உங்கட விருப்பம்" என்றால் என்ன செய்வது?

வெள்ளி காலை, கரையோரமாக வரும்போது சுதன் மோட்டார்சைக்கிளில் எதிரே வந்து நின்றான். இறங்குதுறையில் ஆளும் சாமானும் ஏற்றி உழவு இயந்திரம் ஓட்டுகிறவன், சஞ்சீவனோடு படித்தவன். கனடாக்காரரின் வளவுக் கடப்பை அடைத்தது யார், உனக்குத் தெரியுமா என்று கேட்டான். நான்தான் என்றான் சஞ்சீவன், பெருமை இன்னும் போகாமல். சுதன் தலையில் கை வைத்தான்.

நாலு வருடத்துக்கு முந்திய வறட்சியில் வெளியில் குதிரைகள் செத்துச் செத்துக் கிடந்தனவாம். கனடாவுக்குப் போன் எடுத்துக் கேட்டு, அந்தக் கடப்பைத் திறந்தது லோஜனா ரீச்சராம். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் முறை வைத்து அள்ளி ஊற்றுகிறார்கள். அவர்கள் இரண்டு பேரும் போன கிழமை திருவிழாவுக்குப் புங்குடுதீவுக்குப் போய்விட்டதால், இரண்டு நாளைக்குக் காணுமென்று தொட்டியை நிறைத்துவிட்டுத்தான் ரீச்சர் யாழ்ப்பாணம் போனாள். அந்தக் கடப்பை அடைக்கக்கூடாது என்று தீவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பின்னேரங்களில் அவள் சைக்கிளில் போவது ரியூசனுக்கு என்றுதான் சஞ்சீவன் நினைத்துக்கொண்டிருந்தான். ஒருநாளும் கேட்டதில்லை.

குதிரையை விரட்டிக்கொண்டு போனான். லோஜனா படகால் இறங்கி நேரே வந்திருக்கவேண்டும், தோளில் பை கிடந்தது. கடப்பு திறந்திருந்தது. உள்ளே குதிரைகள் தொட்டியில் தலை வைத்திருந்தன. ஒரு பெண்குதிரை மட்டும் உள்ளே போகாமல் வெளியில் நின்றது. அதன் காலடியில் குட்டி. நித்திரை இல்லை.

"நான்தான் அடைச்சனான்" என்றான்.

"தெரியும். கல்லு அடுக்கியிருந்த வடிவிலேயே தெரிஞ்சுது" என்றாள் லோஜனா.

அவ்வளவுதான். கையிலிருந்த கற்பொடியைத் தட்டினாள். விழுந்து கிடந்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். அவன் காத்து நின்றான். அவள் வாளிக் கயிற்றைச் சுருட்டினாள். அவனுக்குத் தாங்கமுடியவில்லை.

"லோஜனா, என்னை ஏசும். வாயில வந்ததைச் சொல்லி ஏசும்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமான பார்வை இல்லை, வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கிற பார்வை. "இந்த ஊர் ஆளெண்டால் ஏசியிருப்பன். நீங்கள் விருந்தாளி. விருந்தாளியை ஏசுறேல்லை."

 கடிதத்தைக் காட்டிய நாளிலிருந்து அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கடிவாளம் கையில் இருந்தது. ஏறினால் போய்விடலாம், கால் அதைத்தான் கேட்டது. அன்ரனிட்டாவும் சுதனும் வந்து சேர்ந்திருந்தார்கள். கடிவாளத்தைச் சுதனிடம் கொடுத்துவிட்டான். அன்ரனிட்டா விளங்கிக்கொண்டு மற்றக் குதிரைகளை அப்பால் கொண்டுபோனாள்.

"நான் விருந்தாளி இல்லை" என்றான்.

"அப்ப கேளுங்கோ" என்றாள் லோஜனா.

தொடங்கினாள். காற்றுக்குக் கூரைத் தகரம் பறந்த இரவு, மாமிக்கு, அதுதான் அவனுடைய அம்மாவுக்கு, மூச்சு இழுத்தபோது படகில்லாமல் விடியும்வரை துறையில் இருந்தது, புருசன் எப்போது வருவான் என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பொய்கள். குரலை உயர்த்தவில்லை, நிறுத்தவும் இல்லை. பிறகு குட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ரெண்டாம் லீவு முடிஞ்சு நீங்கள் போய் மூண்டாம் மாதம், எனக்கு வயித்தில நிண்டது அழிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில கிடந்தனான். அண்டைக்குப் பின்னேரம் நீங்கள் எனக்கு ஒட்டகச்சிவிங்கியின்ர படம் அனுப்பினனீங்கள். வடிவா இருக்கு எண்டு பதில் போட்டனான்."

 ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொன்னால் வந்திருப்பியள். வந்திட்டுக் கடலைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பியள்." கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "போறதெண்டால் இப்பவே போங்கோ. இருக்கிறதெண்டால் இன்னும் கிடக்குது, எல்லாத்தையும் கேக்கவேணும்."

அவன் குவிந்து கிடந்த கல்லொன்றின் மேல் உட்கார்ந்தான். அவளுக்கும் பக்கத்தில் ஒரு கல்லைச் சமன்படுத்தி வைத்தான்.

"வேற?" என்று கேட்டான்.