அடக்க விலை

துணிக்கடைக்காரர் மகனை எல்லோரும் சின்ன முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். சில மாதங்களாக அவனுக்கு ஒரு சந்தேகம். கடைக்கு வருகிறவர்கள் துணி வாங்க வரவில்லை, அவனை நோட்டம் பார்க்க வருகிறார்கள்.

"நோட்டம் பார்க்க வந்தவனுக்கும் ரெண்டு மீட்டர் கிழிச்சுக் குடுத்து அனுப்புடா," என்றார் அப்பா. சொல்லிவிட்டாரே தவிர, பயந்துபோய் மனநல ஆலோசகரிடம் கூட்டிவந்துவிட்டார்.

"இன்னும் நோய் உள்ள வரல, வாசல்ல நிக்குது," என்றார் ஆலோசகரான அந்த அம்மா முதல் நாளே. "வந்தே தீரும்னும் இல்ல. வாராவாரம் பேசுவோம்."

"பேசியே முடிக்கிறதா? அது நம்ம தொழிலாச்சேம்மா!" என்றார் அப்பா.

எல்லா வாரமும் முதல் கேள்வி ஒன்றுதான். "நோட்டம் பார்க்குறாங்கன்னு நூத்துக்கு எவ்வளவு நம்புறீங்க?"

முதல் வாரம் எண்பது என்றான். ஆலோசகர் முகம் லேசாகச் சுருங்கியது. கடையில் வளர்ந்தவனுக்கு அது போதாதா? எதிரே இருப்பவர் முகம் சுருங்கினால் விலையை இறக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் இறக்கினான். அவர் முகமும் மலர்ந்துகொண்டே வந்தது. பொய் சொல்கிறோம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் சாப்பாடு, துணி, சிரிப்பு எதிலும் அவனுக்கு ருசி தட்டவில்லை; எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன.

இன்று முப்பது என்றான்.

ஆலோசகர் அப்பாவை உள்ளே கூப்பிட்டார். "நல்ல முன்னேற்றம். இனிமே மாசம் ஒரு தடவ வந்தாப் போதும்."

அப்பா பேரம் படிந்த முகத்தோடு எழுந்தார்.

வெளி அறையில் குடையை மடித்துக்கொண்டிருந்த ஒருத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இவளும் அந்தக் கூட்டம்தான். அவனுக்குப் பயம்கூட வரவில்லை. இனி ஒரு மாதத்துக்கு இதைக் கேட்க ஆளில்லை என்பது மட்டும் எங்கோ தூரத்தில் உறைத்தது. வாசலில் நிற்கும் நோய் உள்ளே வந்தால், வாங்க, உட்காருங்க என்று சொல்லிவிடுவான் போலிருந்தது. பழக்கதோஷம்.

திரும்பி உள்ளே போனான்.

"மேடம், முப்பதுங்கிறது உங்களுக்காகச் சொன்ன விலை."

"அப்போ உங்க விலை?"

"அடக்கமே தொண்ணூறு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"முடிஞ்ச வியாபாரத்தக் கலைக்கிறியேடா!" என்றார் பின்னாலேயே வந்த அப்பா.

ஆலோசகர் முகம் சுருங்கியது. அவன் இறக்கவில்லை.

"உட்காருங்க," என்றார் அவர்.